‘அமைச்சகத்தின் கீழ் இயங்கும்’ என்றால் என்ன? கனரகத் தொழில்துறை அமைச்சகம்: ஓர் எளிய அறிமுகம்

“மத்திய கனரகத் தொழில்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பெல் நிறுவனம்” என்ற தொடரைச் செய்தித்தாளில் படிக்காதவர் இருக்க முடியாது. படித்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். ஆனால் அதில் வரும் ‘கீழ் இயங்கும்’ என்ற இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்று கேட்டால், பெரும்பாலோர் தாலுகா அலுவலகம் கலெக்டர் அலுவலகத்தின் கீழ் இயங்குவதைப் போன்ற ஓர் ஏற்பாட்டைத்தான் மனத்தில் வைத்துப் பதில் சொல்வார்கள். டெல்லியில் கையெழுத்தானால் திருச்சியில் வேலை தொடங்கும், டெல்லியில் கோப்பு தூங்கினால் திருச்சியில் பட்டறை தூங்கும் என்று. உண்மை அத்தனை நேர்க்கோட்டில் இல்லை. அந்த அமைச்சகம் தொழிற்சாலைகளை நடத்துவதில்லை. நாட்டின் சார்பில் அவற்றின் பங்குகளை வைத்திருக்கிறது. கூடவே, அந்தத் தொழிற்சாலைகளோடு போட்டியிடும் தனியார் நிறுவனங்களையும் வளர்த்துவிடும் பொறுப்பு அதற்கே உண்டு. இந்த இரட்டை வேடம் புரிந்துவிட்டால் மற்றவை தாமாகப் புரியும்.

முதலில் ‘கனரகம்’ என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். கனமான பொருளைச் செய்வதெல்லாம் கனரகத் தொழில் என்று கொண்டால் பாதி சரி. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வாங்குவது மின்சாரம். அதை உற்பத்தி செய்யும் அனல் மின் நிலையம் வாங்குவது கொதிகலனும் டர்பைனும் ஜெனரேட்டரும். கொதிகலன் செய்யும் ஆலை வாங்குவது தடித்த எஃகுத் தகட்டை வளைக்கும் இயந்திரங்களையும், குழாய் இழுக்கும் இயந்திரங்களையும், கடைசல் இயந்திரங்களையும். இப்படிப் பின்னோக்கிப் போகப் போக, கடைக்காரரிடம் நாம் ஒருபோதும் கேட்டு வாங்காத, ஆனால் நாம் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கும் பொருள்கள் வருகின்றன. பொருளாதார நூல்கள் இவற்றை மூலதனப் பொருள்கள் என்கின்றன. இவற்றைச் செய்ய ஆலை அமைப்பதற்குப் பெரும் பணம் வேண்டும், போட்ட பணம் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும், வாங்குபவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கனரகத் தொழில் என்று சொல்வதற்கு எடையைவிட இந்த மூன்று இயல்புகளே காரணம்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பயணம் செய்தவர்கள், எண்ண முடியாத அளவு சக்கரங்கள் கொண்ட டிரெய்லரில் பெரிய உருளை ஒன்று ஆமை வேகத்தில் நகர்வதைப் பார்த்திருக்கலாம். அது கொதிகலனின் டிரம்மாக இருக்கக்கூடும். நீரையும் நீராவியையும் பிரிக்கும் கலம் அது. ஒரு பெரிய அனல் மின் நிலையக் கொதிகலன் எண்பது மீட்டருக்கு மேல் உயரம் உடையது. அதைத் தரையில் நிறுத்தி வைப்பதில்லை. எஃகுத் தூண்களின் உச்சியிலிருந்து தொங்கவிடுகிறார்கள். சூடேறும்போது அத்தனை இரும்பும் விரிவடையும் என்பதால், கீழ்நோக்கி வளர இடம் விட வேண்டும். அதன் சுவர்களே குழாய்களால் ஆனவை. அந்தக் குழாய்களில் பற்றவைப்பு இணைப்புகள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் வரும். அழுத்தம் தாங்கும் ஓர் இணைப்பு கசிந்தாலும் மொத்த நிலையத்தையும் நிறுத்த வேண்டியதாகிவிடும். ஆகையால் ஒரு நல்ல வெல்டருக்குத் திருவெறும்பூர் வட்டாரத்தில் இருக்கும் மரியாதை, வேறு ஊர்களில் பட்டதாரிகளுக்குக் கூடக் கிடைப்பதில்லை.

இனி, எந்த ஆலை எந்த அமைச்சகத்தின் கீழ் என்ற குழப்பம். தமிழ்நாட்டில் இருக்கும் மத்தியப் பொதுத்துறை ஆலைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் நிலக்கரி அமைச்சகத்தைச் சேர்ந்தது. சேலம் உருக்காலை, இந்திய எஃகு ஆணையமான ‘செயில்’ நிறுவனத்தின் ஒரு பிரிவு. அது எஃகு அமைச்சகத்துக்குரியது. ஆவடி டாங்கித் தொழிற்சாலை பாதுகாப்பு அமைச்சகம். மணலி சுத்திகரிப்பு ஆலை பெட்ரோலிய அமைச்சகம். அதே மணலியில் உள்ள உரத் தொழிற்சாலை, ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒரு நிறுவனமே அன்று, ரயில்வேயின் அங்கம். இவை எல்லாமே கனமான வேலை செய்யும் ஆலைகள்தாம், ஆனால் ஒன்றுகூடக் கனரகத் தொழில்துறை அமைச்சகத்திடம் இல்லை. திருச்சி, ராணிப்பேட்டை, திருமயம் ஆகிய ஊர்களில் உள்ள ‘பெல்’ ஆலைகளே அதனிடம் உள்ளன. இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மின்னணுக் கருவிகள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸையும் நாம் ‘பெல்’ என்றே சொல்கிறோம். அது பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. இந்தக் கட்டுரையில் பெல் என்றால் பாரத மிகு மின் நிறுவனம், அதாவது பி.எச்.இ.எல்.

மறுபுறம், இந்த அமைச்சகத்தின் பட்டியலில் நீங்கள் எதிர்பார்க்காத பெயர்கள் இருக்கின்றன. ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் உப்பு எடுக்கும் நிறுவனம் இதன் கீழ் இருக்கிறது. அசாமிலும் வங்காளத்திலும் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஆண்ட்ரூ யூல் நிறுவனம் இதன் கீழ் இருக்கிறது. செய்தித்தாள் காகிதம் தயாரித்த மத்தியப் பிரதேசத்து நேபா ஆலையும், சிமென்ட் கழகமும், பாலம் கட்டும் நிறுவனமும் இதன் கீழ்தான். தேயிலையும் உப்பும் எப்படிக் கனரகம் ஆயின? ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் விடை தெரியும். ஆண்ட்ரூ யூல் 1863-இல் ஒரு ஸ்காட்லாந்து வணிகரால் தொடங்கப்பட்டு, மின்கருவி, தொழிற்சாலை விசிறி, தேயிலை என்று பலவற்றில் கால் வைத்திருந்த நிறுவனம். 1979-இல் அரசின் கைக்கு வந்தது. எழுபதுகளில் தனியாரிடம் நலிந்துபோன ஆலைகளை, வேலை பறிபோகக்கூடாது என்ற காரணத்துக்காக அரசு அடுத்தடுத்து எடுத்துக்கொண்டது. அவற்றில் கணிசமானவை வந்து ஒதுங்கிய திண்ணை இந்த அமைச்சகம். எனவே இதன் பட்டியலை ஒரு திட்டமிட்ட தொகுப்பாகப் படிக்கக்கூடாது. கூட்டுக் குடும்பத்துக்கு வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்த உறவினர்களின் பட்டியலாகப் படிப்பதே பொருந்தும்.

திட்டமிட்டுக் கட்டிய ஆலைகளின் கதை வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழில் கொள்கைத் தீர்மானத்தையும், அதைவிட உறுதியாக 1956-ஆம் ஆண்டின் தீர்மானத்தையும் அரசு வெளியிட்டது. பின்னதில் 17 தொழில்கள் அரசின் பொறுப்பென ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டில் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், புள்ளியியலாளர் மகலனோபிஸின் சிந்தனையைத் தழுவி, முதலில் இயந்திரம் செய்யும் திறனைப் பெறுவோம், துணியும் சைக்கிளும் அந்த இயந்திரங்களிலிருந்து வரட்டும் என்று முடிவு செய்தது. தொழில்நுட்பம் கையில் இல்லாததால் கேட்ட இடத்திலெல்லாம் வாங்கினார்கள். 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. இயந்திரக் கருவி ஆலைக்குச் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனம் உதவியது. போபாலில் மின்கருவி ஆலைக்குப் பிரிட்டன், ஹரித்துவாருக்குச் சோவியத் ஒன்றியம், திருச்சிக்கும் ஹைதராபாத்துக்கும் செக்கோஸ்லோவாக்கியா. பனிப்போரின் இரு முகாம்களையும் ஒரே நேரத்தில் ஆசிரியர்களாக வைத்துக்கொண்ட மாணவன் உலகில் வேறு எவரும் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். அன்றைய சென்னை மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்ததால் திருச்சி ஆலை தமிழ்நாட்டுக்கு வந்ததென்று இன்றும் நன்றியோடு சொல்வார்கள். போபாலில் தனியே இருந்த நிறுவனம் 1974-இல் பெல்லோடு இணைக்கப்பட்டது.

உரிமையாளர் என்ற முறையில்

பெல் நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டைத் திறந்தால் மிகப்பெரிய பங்குதாரரின் பெயராக எந்த அமைச்சரின் பெயரும் இருக்காது. ‘இந்தியக் குடியரசுத் தலைவர்’ என்று இருக்கும். பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் அவர் பெயரில் உள்ளன. மிச்சம் மியூச்சுவல் ஃபண்டுகளிடமும், காப்பீட்டு நிறுவனங்களிடமும், பங்குச் சந்தையில் வாங்கிய உங்களையும் என்னையும் போன்றவர்களிடமும் இருக்கிறது. நிறுவனச் சட்டத்தின்படி, செலுத்தப்பட்ட மூலதனத்தில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் அரசு வைத்திருந்தால் அது அரசு நிறுவனம். குடியரசுத் தலைவர் பங்குதாரர் கூட்டத்துக்கு நேரில் போய் உட்கார முடியாது. அவர் சார்பில் அந்த நாற்காலியில் உட்காருவது அமைச்சகம். ‘நிர்வாக அமைச்சகம்’ என்று அலுவலக மொழியில் சொல்வதன் பொருள் இதுவே.

அந்த நாற்காலியில் இருந்து எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது? இயக்குநர் குழுவுக்குத் தன் அதிகாரிகள் ஒருவரையோ இருவரையோ அனுப்பலாம். ஒவ்வோர் ஆண்டும் இலக்கு நிர்ணயித்து, எட்டினார்களா என்று கேட்கலாம். நிறுவனத்தின் அமைப்பு விதிகள் இடம் கொடுக்கும் அளவுக்குக் குடியரசுத் தலைவர் பெயரில் கட்டளை பிறப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் தலைவரைத் தானே நியமிக்க முடியாது. அதற்கென உள்ள பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் நேர்காணல் நடத்தி ஒருவரைப் பரிந்துரைக்கும். அமைச்சகம் அதைப் பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழுவுக்கு அனுப்பும். அங்கே ஒப்புதல் கிடைத்தால்தான் நியமனம். கணக்குத் தணிக்கையாளரையும் அமைச்சகமோ நிறுவனமோ தேர்ந்தெடுப்பதில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நியமிக்கிறார். ஓர் ஆலையை மூடுவது, பங்கை விற்பது போன்ற முடிவுகள் மத்திய அமைச்சரவைக்குப் போயாக வேண்டும். ஈட்டும் லாபப் பங்கும் அமைச்சகத்தின் பெட்டியில் விழாது. அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகும்.

எவ்வளவு பணத்தை நிறுவனம் தானாகவே முதலீடு செய்யலாம் என்பதை மகாரத்னா, நவரத்னா, மினிரத்னா என்ற பட்டங்கள் தீர்மானிக்கின்றன. இவற்றைப் பலர் விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை அதிகார வரம்புகள். மகாரத்னா நிறுவனத்தின் இயக்குநர் குழு, ஒரே திட்டத்தில் தன் நிகர மதிப்பின் 15 விழுக்காடு வரை, உச்சவரம்பாக 5,000 கோடி ரூபாய் வரை, அரசைக் கேட்காமலே முதலீடு செய்யலாம். நவரத்னாவுக்கு அந்த உச்சவரம்பு 1,000 கோடி. பெல் 2013-இல் மகாரத்னா ஆனது. ஆகவே திருச்சியில் ஒரு புதிய இயந்திரம் வாங்குவதற்கு டெல்லியின் கையெழுத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெல் ஊழியர் மத்திய அரசு ஊழியர் அல்லர். ஊதியக் குழு அறிவிக்கும் சம்பளம் அவருக்குப் பொருந்தாது. தொழிலாளர் சம்பளம் தொழிற்சங்கங்களோடு பேசி முடிவாகிறது, அகவிலைப்படியும் அரசு ஊழியருடையதிலிருந்து வேறுபட்ட தொழில்துறைக் கணக்கில் வருகிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் “மாப்பிள்ளை சென்ட்ரல் கவர்ன்மென்ட்” என்று சொல்வது வழக்கமாக இருந்தாலும், சட்டப்படி அவர் ஒரு கம்பெனியின் ஊழியர். அதே நேரத்தில், அந்தக் கம்பெனி அரசியல் சட்டத்தின் பார்வையில் ‘அரசு’ என்ற வரையறைக்குள் வருவதால், அதன் முடிவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வியும் கேட்கலாம். தனியார் நிறுவனத்திடம் இவை நடக்காது.

காகிதத்தில் உள்ள இந்தச் சுதந்திரம் நடைமுறையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். ஒரு மேலாளர் எடுக்கும் முடிவைத் தணிக்கைத் துறை ஒரு பக்கம் பார்க்கிறது, ஊழல் கண்காணிப்பு ஆணையம் ஒரு பக்கம் பார்க்கிறது, 1964-இல் அமைந்த நாடாளுமன்றப் பொதுத்துறை நிறுவனக் குழு, 22 உறுப்பினர்களோடு, இன்னொரு பக்கம் பார்க்கிறது. பொதுப் பணம் என்பதால் கண்காணிப்பு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தவறான முடிவுக்குத் தண்டனை உண்டு, எடுக்காத முடிவுக்குத் தண்டனை இல்லை என்ற நிலையில், கோப்பை மேலே தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம் என்று ஒருவர் நினைத்தால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்த இடத்தில் 2021-இல் நடந்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை இதன் பெயர் ‘கனரகத் தொழில்கள் மற்றும் பொதுத்துறை நிறுவனங்கள் அமைச்சகம்’. எல்லா அமைச்சகங்களின் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொதுவான விதிகளை வகுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் துறை இதற்குள்ளேயே இருந்தது. 2021 ஜூலையில் அந்தத் துறை நிதி அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. பங்கு விற்பனையைக் கவனிக்கும் துறை ஏற்கெனவே நிதி அமைச்சகத்தில்தான் இருந்தது. ஆகவே விதி வகுப்பதும் விற்பதும் ஓரிடத்தில் சேர்ந்தன. கனரகத் தொழில்துறைக்குத் தன் சொந்த நிறுவனங்கள் மட்டும் மிஞ்சின. 2024 ஜூன் முதல் எச்.டி. குமாரசாமி இதன் அமைச்சர். எஃகு அமைச்சகத்துக்கும் அவரே அமைச்சர் என்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் எண்ணுகிறார்கள். செயலாளரும் நிதி ஒதுக்கீடும் தனித்தனி.

உரிமையாளரால் முடியாதவை

பெல்லின் வரவுசெலவைப் பார்த்தால் அமைச்சகத்தின் கை எதுவரை நீளும் என்பது தெரியும். 2011-12-இல் அந்நிறுவனத்தின் விற்றுமுதல் சுமார் 49,500 கோடி ரூபாய், லாபம் சுமார் 7,000 கோடி. 2020-21-இல் விற்றுமுதல் 17,300 கோடி அளவுக்கு இறங்கி, சுமார் 2,700 கோடி நட்டம் வந்தது. நடுவில் நடந்தது என்ன? தனியார் மின் நிறுவனங்கள் விலை குறைந்த சீனக் கருவிகளை வாங்கின. நிலக்கரி கிடைக்காமலும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமலும் பல திட்டங்கள் பாதியில் நின்றன. சூரிய மின்சாரம் மலிவானது. கடைசியில் பெருந்தொற்றும் வந்தது. சீனக் கருவிகளுக்கு 2012-இல் இறக்குமதி வரி போடப்பட்டபோது ஆர்டர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே கைமாறிவிட்டிருந்தது. பெல்லின் பெரிய வாடிக்கையாளரான தேசிய அனல் மின் கழகம் மின் அமைச்சகத்தைச் சேர்ந்தது, நிலக்கரி நிலக்கரி அமைச்சகத்தைச் சேர்ந்தது, சுங்க வரி நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. கொதிகலன் ஆலையின் சொந்தக்காரர் கையில் கொதிகலனின் சந்தை இல்லை.

இதன் அடி அமைச்சகத்துக்கு விழுந்ததைவிடத் திருச்சியைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்குப் பலமாக விழுந்தது. பெல் கொடுக்கும் எஃகை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் துவாக்குடி வட்டாரத்தில் வளர்ந்திருந்தன. பெல்லுக்கு ஆர்டர் குறைந்தால் அதன் ஊழியருக்குச் சம்பளம் குறையாது. பட்டறைக்காரர் கிரேனுக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். பொதுத்துறை நிறுவனத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்பதற்கு அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் பத்தி எதுவும் இருக்காது. கடந்த சில ஆண்டுகளில் அனல் மின் திட்டங்களுக்கு மீண்டும் ஆர்டர் வரத் தொடங்கியிருப்பதால் நிலைமை மாறி வருகிறது.

ஊட்டியில் நடந்தது இன்னும் துயரமானது. 1960-இல் பதிவு செய்யப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியும் வெப்பமும் இல்லாத மலைக்காற்று ஃபிலிமுக்கு உகந்தது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருளையும், மருத்துவமனைகளில் வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்த எக்ஸ்ரே ஃபிலிமையும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கே இந்து நகர் என்று பெயர் நிலைத்துவிட்டது. வண்ண ஃபிலிம் வந்தது, வெளிநாட்டுப் போட்டி வந்தது, பெரிய முதலீட்டில் கடன் ஏறியது. 1996-இல் அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமரா அதன் பிறகுதான் பரவலானது என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பழியையும் அதன்மேல் போட முடியாது. எஞ்சிய ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் தொகுப்புக்கு மத்திய அமைச்சரவை 2014-இல் ஒப்புதல் தந்தது. நலிவுக்கும் அந்த ஒப்புதலுக்கும் நடுவே 18 ஆண்டுகள். தனியார் முதலாளியாக இருந்தால் ஆறு மாதத்தில் பூட்டியிருப்பார் என்று சிலர் சொல்வார்கள். அரசு பூட்டாமல் இருந்தது இரக்கமா, முடிவெடுக்கத் தயக்கமா என்பதை அந்த 18 ஆண்டுகளைப் பழைய சம்பளத்தில் ஓட்டிய குடும்பங்களே சொல்ல வேண்டும்.

எச்.எம்.டி. கைக்கடிகாரத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் தொடங்கிய அந்தக் கடிகாரம், பள்ளி இறுதித் தேர்வில் வென்ற பிள்ளைக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் கொடுக்கும் பரிசாக ஒரு தலைமுறை முழுவதும் இருந்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான ‘டிட்கோ’வும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களோடு வந்தபோது சாவி கொடுக்கும் கடிகாரத்தின் காலம் முடியத் தொடங்கியது. எச்.எம்.டி. வாட்ச்சஸை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. இதில் ஒரு முரண் உண்டு: மத்திய அரசின் கடிகாரத்தை வீழ்த்திய கடிகாரத்திலும் ஓர் அரசின் பங்கு இருந்தது. ஆக, அரசுப் பங்கு இருப்பதாலேயே நிறுவனம் வீழ்ந்தது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரக்கூடாது. அதே போல, இந்தத் துறையின் பொறுப்பில் 1981-இல் பிறந்த மாருதி, சுசுகியோடு கைகோத்து 1983 டிசம்பரில் முதல் காரை விற்று, நாட்டின் கார்ச் சந்தையையே மாற்றியது. அரசு தன் கடைசிப் பங்கை 2007-இல் விற்று வெளியேறியது.

வளர்ப்பவர் என்ற முறையில்

அமைச்சகத்தின் இன்னொரு வேலைக்கு ஆலைகளோடு தொடர்பில்லை. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மின்சார ஸ்கூட்டரோடு தொடர்புண்டு. 2025-இல் வாங்கிய ஸ்கூட்டரின் பில்லை எடுத்துப் பாருங்கள். விலைக்குக் கீழே ‘பி.எம். இ-டிரைவ்’ என்ற பெயரில் ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கும். அந்தப் பணம் இந்த அமைச்சகத்தினுடையது. 2015-இல் ‘ஃபேம்’ என்ற பெயரில் 895 கோடி ரூபாயில் சிறிதாகத் தொடங்கி, 2019-இல் 10,000 கோடியில் இரண்டாம் கட்டமாக விரிந்து, 2024 அக்டோபரில் 10,900 கோடி ஒதுக்கீட்டோடு பி.எம். இ-டிரைவ் ஆன மானியத் திட்டம் அது. கணக்கு எளிது. முதல் ஆண்டில் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 5,000 ரூபாய், வண்டிக்கு 10,000-க்கு மேல் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து அது பாதியாகி, 2,500 ரூபாய், உச்சவரம்பு 5,000. 3 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட ஸ்கூட்டருக்கு 2,500-ஐ மூன்றால் பெருக்கினால் 7,500 வருகிறது, ஆனால் கிடைத்தது 5,000.

விற்பனையாளர் கடையில் வாடிக்கையாளரின் முகத்தைக் கைபேசியில் படமெடுத்து ஆதாரோடு ஒப்பிட்டு, மின் ரசீது ஒன்றில் கையெழுத்து வாங்குவது இந்தத் திட்டத்தில்தான் வந்தது. கழிவை வாடிக்கையாளருக்கு முதலில் கொடுத்துவிட்டு, அந்த ரசீதுகளைச் சேர்த்து அமைச்சகத்திடம் பணம் கேட்பது வண்டி செய்த நிறுவனத்தின் வேலை. மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் குறிப்பிட்ட அளவுக்கு உள்நாட்டில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இரண்டாம் கட்டத்தில் அந்த நிபந்தனையை மீறியதாகக் கருதப்பட்ட சில நிறுவனங்களிடம் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டபோது, அமைச்சகம் உரிமையாளராக ஒருபோதும் காட்டாத கண்டிப்பைக் காட்டியது.

இவற்றுக்கு மேல், உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டங்கள் இரண்டு இதன் கையில் உள்ளன: வாகனத் துறைக்கு 25,938 கோடி, மேம்பட்ட பேட்டரி செல்களுக்கு 18,100 கோடி, இரண்டும் 2021-இல் அறிவிக்கப்பட்டவை. ஆலை கட்டி, உற்பத்தி செய்து, விற்றுக் காட்டிய பிறகே பணம் என்பது இவற்றின் அடிப்படை. பேட்டரித் திட்டத்தில் தேர்வான ஆலைகளுள் ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. புதிய வண்டிகளைச் சாலைக்கு விடுமுன் மோதிப் பார்த்துச் சோதிக்கும் மையங்களும் அமைச்சகத்தின் அரவணைப்பில்தான் உள்ளன. புனேயின் வாகன ஆராய்ச்சிச் சங்கம் பழையது, ஒரகடத்தில் இருக்கும் மையம் பிந்தையது. இன்று இந்த அமைச்சகத்தின் பட்ஜெட்டில் பெரும்பகுதி தன் சொந்த நிறுவனங்களுக்குப் போவதில்லை. தனியார் வாகன நிறுவனங்களுக்கான இத்தகைய திட்டங்களுக்கே போகிறது.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இதன் போக்கைத் தெளிவாகக் காட்டும். மின்சார வண்டியின் மோட்டாருக்குள் இருக்கும், அருமண் எனப்படும் தனிமங்களால் ஆன வலுவான காந்தங்களை ஏறக்குறைய முழுவதும் சீனாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். அவ்வாண்டு ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருளுக்காக வாகன ஆலைகள் தடுமாறின. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் உள்நாட்டில் செய்ய 7,280 கோடி ரூபாய் ஒதுக்கி, அதிகபட்சம் ஐந்து நிறுவனங்களுக்குப் பிரித்துத் தர அமைச்சகம் முன்வந்தது. 1956-இல் இப்படி ஒரு தேவை எழுந்திருந்தால் ‘பாரத் காந்தக் கழகம்’ என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஒரு நகரியமும் பள்ளிக்கூடமும் கட்டியிருப்பார்கள்.

அந்தக் காந்தத்துக்கான மூலப்பொருள் மோனசைட் மணலில் இருக்கிறது. அது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடைக்கிறது. அங்கே மணலைப் பிரித்தெடுப்பதும் ஒரு பொதுத்துறை நிறுவனமே. அந்த மணலில் அணு எரிபொருளாகப் பயன்படக்கூடிய தோரியமும் இருப்பதால், அந்நிறுவனம் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது.